ஒரு கை, இரண்டு ஸ்கோர் புத்தகம்: சிறுவர் பேஸ்பால் சங்கம் ஒன்றில் நடந்த நிகழ்வின் ஆய்வு

நியூஜெர்சியின் புறநகர்ப் பகுதி ஒன்றில் இயங்கும் சிறுவர் பேஸ்பால் சங்கத்தில் நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். அக்கம்பக்கத்து ஊர்களின் ஆறு கிளப்புகள் சேர்ந்து நடத்தும் சங்கம் அது. 12 வயதுப் பையன் ஒருவன் ஒரே வாரத்தில் இரண்டு கிளப்புகளுக்காகப் பந்து வீசினான். முழங்கையில் காயம்பட்டு, அந்த ஆண்டு முழுக்க மறுபடி பிட்சராக, அதாவது பந்து வீசுபவனாக, நிற்க முடியாமல் போனது. பிறகு எடுத்துப் பார்த்தால், இரண்டு கிளப்புகளின் ஸ்கோர் புத்தகத்திலும் விதிமீறல் என்று எதுவுமே இல்லை. அதனால்தான் இதை எழுதி வைப்பது அவசியம் என்று படுகிறது.

விசாரிக்கச் சங்கம் அமைத்த மூவர் குழுவில் நானும் இருந்தேன். என் பிள்ளைகள் ஆடும் கிளப்புக்கும் அந்த இரண்டு கிளப்புகளுக்கும் சம்பந்தம் கிடையாது என்பதால் கூப்பிட்டார்கள். பையனின் பெற்றோர் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். ஊர், ஆண்டு, அடையாளம் காட்டும் மற்ற விவரங்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன்.

பின்னணி

சங்கம் என்றதும் அலுவலகம், ஊழியர்கள் என்று கற்பனை செய்ய வேண்டாம். தலைவர் முதல் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுபவர் வரை எல்லோரும் பெற்றோர்தான். யாருக்கும் சம்பளம் கிடையாது. ஆட்ட அட்டவணை போடுவது, அம்பயர்களை அனுப்புவது, காப்பீடு எடுப்பது, விதிப்புத்தகத்தைப் பராமரிப்பது ஆகியவை சங்கத்தின் வேலை. பிள்ளைகளைப் பதிவு செய்வது, கட்டணம் வாங்குவது, கோச்சை நியமிப்பது எல்லாம் கிளப்பின் வேலை. இந்தப் பிரிவினை கேட்க நன்றாகத்தான் இருக்கும். பிள்ளை ஒருவன் இரண்டு கிளப்புகளில் ஆடும்போது அவனைப் பற்றிய பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கு இதில் பதில் இல்லை.

ஒவ்வொரு கிளப்பிலும் இரண்டு வகை அணிகள் உண்டு. ரெக் அணியில் பதிவு செய்த எல்லாப் பிள்ளைகளுக்கும் இடம் கிடைக்கும். வார நாள் மாலைகளில் உள்ளூரிலேயே ஆடுவார்கள். டிராவல் அணிக்குத் தேர்வு நடக்கும். சங்கத்துக்குள் சில ஆட்டங்கள் ஆடிவிட்டு, சனி ஞாயிறுகளில் வெளியூர் டோர்னமென்ட்டுகளுக்குப் போவார்கள். அந்த டோர்னமென்ட்டுகளை நடத்துவது தனியார் அமைப்புகள். அங்கே சங்கத்தின் அதிகாரம் செல்லாது.

அந்த ஆண்டு பையனின் சொந்த ஊர்க் கிளப்பில் 12 வயதுப் பிரிவுக்கு டிராவல் அணி அமைக்க ஆள் சேரவில்லை. அதனால் ரெக் அணியில் சொந்த ஊருக்கும், டிராவல் அணியில் பக்கத்து ஊருக்கும் ஆடினான். இதை எந்த விதியும் தடுக்கவில்லை. ஆனால் நல்ல பிள்ளைகளைப் பக்கத்து ஊர் இழுத்துக்கொண்டு போகிறது என்ற மனக்குறை சொந்த ஊர்க் கிளப்புக்கு நெடுநாளாக உண்டு. இரண்டு கோச்சுகளும் ஒருவரோடு ஒருவர் ஒரு தடவைகூடப் பேசியதில்லை. போன் நம்பர்கூடக் கைமாறவில்லை.

இருவருமே பயிற்சி பெற்றவர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நியூஜெர்சியில் 1986 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. பாதுகாப்புப் பயிற்சி முடித்த தன்னார்வக் கோச்சுகளுக்கு, கவனக்குறைவு வழக்குகளிலிருந்து ஓரளவு பாதுகாப்பு தரும் சட்டம் அது. ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் உருவாக்கிய பயிற்சி வகுப்பு மாநிலம் முழுக்கப் பிரபலம். இரண்டு கோச்சுகளின் சான்றிதழும் சங்கத்தின் கோப்பில் இருந்தன.

முழங்கையும் பந்துக் கணக்கும்

கிரிக்கெட் ஆடி வளர்ந்த நம்மவர்களில் பலருக்கு இந்த இடம் புரிவதில்லை. "நாங்கள் நாள் முழுக்க வெயிலில் பந்து போட்டோமே, எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று பெற்றோர் கூட்டத்தில் ஒரு அப்பாவாவது சொல்வார். கிரிக்கெட்டில் முழங்கையை மடக்கி எறிய விதியே விடாது. வீசும்போது முழங்கை 15 டிகிரிக்கு மேல் நிமிர்ந்தால் அது செல்லாத பந்து. பேஸ்பாலில் மடங்கிய முழங்கையைச் சாட்டைபோலச் சொடுக்கித்தான் பந்தை எறிய வேண்டும். முழு இழுவையும் முழங்கையின் உள்பக்கத்தில் விழுகிறது. பெரியவர்களுக்கு அங்கே தசைநார் கிழியும். அதற்கான அறுவை சிகிச்சையை மருத்துவர் ஃபிராங்க் ஜோப் 1974-இல் டாமி ஜான் என்ற பிட்சருக்கு முதன்முதலில் செய்தார். வளரும் பிள்ளைகளுக்குத் தசைநாரைவிட எலும்பின் வளர்ச்சித் தட்டு பலவீனமானது, அதனால் அதுதான் முதலில் பாதிக்கப்படும். இந்தப் பாதிப்புக்கு 'லிட்டில் லீக் எல்போ' என்றே பெயர் வந்துவிட்டது.

லிட்டில் லீக் என்ற சிறுவர் பேஸ்பால் அமைப்பு 1939-இல் பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில் தொடங்கியது. வெகுகாலம் ஒரு பிள்ளை எத்தனை இன்னிங்ஸ் வீசலாம் என்றுதான் கணக்கு வைத்திருந்தார்கள். பேஸ்பாலில் எதிரணியின் மூன்று பேர் அவுட் ஆனால் வீசுபவனுக்கு ஒரு இன்னிங்ஸ் முடிந்துவிடும். ஒரு இன்னிங்ஸ் 8 பந்தில் முடியலாம், 40 பந்தும் ஆகலாம். 2007-இல்தான் பந்துகளை எண்ணும் முறைக்கு மாறினார்கள். 2014-இல் மேஜர் லீக் பேஸ்பாலும் யுஎஸ்ஏ பேஸ்பாலும் சேர்ந்து 'பிட்ச் ஸ்மார்ட்' என்ற வழிகாட்டுதலைக் கொண்டுவந்தன. 11, 12 வயதுக்கு ஒரு நாளில் அதிகபட்சம் 85 பந்து. 20 வரை வீசினால் ஓய்வு தேவையில்லை. 21 முதல் 35 வரை என்றால் ஒரு நாள், 36 முதல் 50 வரை 2 நாள், 51 முதல் 65 வரை 3 நாள், 66-க்கு மேல் போனால் 4 நாள் ஓய்வு.

எங்கள் சங்கத்தின் விதிப்புத்தகத்தில் இந்த அட்டவணை அப்படியே இருந்தது. அதற்கு மேலே இருந்த வரி மட்டும் எங்கள் ஆட்களே எழுதியது: "ஒவ்வொரு அணியும் தன் பிட்சர்களின் பந்துக் கணக்கைப் பராமரிக்க வேண்டும்." மொத்த விவகாரமும் அந்த வரியில்தான் இருக்கிறது. கணக்கு அணியோடு கட்டப்பட்டிருந்தது. காயப்படும் கையோ பிள்ளையோடு சேர்ந்து அணிக்கு அணி போய்க்கொண்டிருந்தது.

அந்த வாரம்

மே மாதத்தின் ஒரு வாரம். ஸ்கோர் புத்தகங்கள், கைபேசிச் செயலியில் இருந்த பதிவுகள், பெற்றோரின் வாக்குமூலம் எல்லாவற்றையும் வைத்து நாங்கள் கோத்த வரிசை இது.

செவ்வாய் மாலை, சொந்த ஊர் ரெக் அணிக்கு 58 பந்து. அட்டவணைப்படி புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் ஓய்வு.

வியாழன் மாலை, பக்கத்து ஊர் டிராவல் அணிக்கு 35 பந்து. இந்த ஆட்டத்தில் அவன் மவுண்டில், அதாவது பிட்சர் நின்று வீசும் மேட்டில், ஏறியிருக்கவே கூடாது. ஆனால் டிராவல் அணியின் புத்தகத்தில் அது அவனுடைய அந்த வாரத்தின் முதல் ஆட்டம்.

வெள்ளி மாலை, தனியார் பயிற்சியாளரிடம் அரை மணி நேர வகுப்பு. எத்தனை பந்து எறிந்தான் என்று யாரும் எண்ணவில்லை. வகுப்பில் எறிவதை எண்ணும் வழக்கமே இங்கே கிடையாது.

சனிக்கிழமை டோர்னமென்ட். காலை ஆட்டத்தில் ஆறு இன்னிங்ஸும் அவன்தான் கேட்சர். கேட்சர் ஒவ்வொரு பந்தையும் பிடித்துத் திருப்பி எறிகிறவன், இடையிடையே இரண்டாம் பேஸுக்கு (ஓடுபவர் தொட வேண்டிய இடங்களில் ஒன்று) முழு வேகத்தில் எறிகிறவன் என்பதை நினைவில் வையுங்கள். மதிய ஆட்டத்தின் கடைசியில் பிட்சராக இறங்கினான். சரியாக 20 பந்து வீசியதும் கோச் அவனை மாற்றிவிட்டார்.

ஞாயிறு அரையிறுதி. 64 பந்து.

ஆறு நாளில் ஆட்டத்தில் மட்டும் 177 பந்து. ரெக் அணியின் புத்தகத்தில் 58 மட்டுமே தெரியும். டிராவல் அணியின் புத்தகத்தில் 35, ஒரு நாள் ஓய்வு, 20, அப்புறம் 64. அட்டவணையை வைத்துச் சரிபார்த்தால் இரண்டிலும் ஒரு குறையும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை

அன்றைய ஆட்டத்தைப் பற்றி மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேட்டோம். அம்பயராக நின்றவர் 16 வயது மாணவர். இரண்டாவது இன்னிங்ஸிலிருந்தே பந்துக்கும் பந்துக்கும் நடுவில் பையன் கையை உதறிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். ஸ்கோர் எழுதிய எதிரணித் தாய், மூன்றாவது இன்னிங்ஸில் பந்துகள் கேட்சரின் தலைக்கு மேலே போகத் தொடங்கின என்றார். தோளுக்கு மேலிருந்து வர வேண்டிய கை, பக்கவாட்டில் தாழ்ந்து வந்ததை டிராவல் அணியின் துணைக் கோச் கவனித்திருந்தார். மூன்றுமே களைத்த கையின் அடையாளங்கள். மூன்று பேரும் மூன்று இடத்தில் நின்று பார்த்தார்கள். ஒருவர் கண்டது மற்றவருக்குத் தெரியாது.

நான்காவது இன்னிங்ஸ் தொடங்கும் முன் தலைமைக் கோச், அணியினர் உட்காரும் டக்அவுட்டில் எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறார்: "கை எப்படி இருக்கிறது, இன்னொரு இன்னிங்ஸ் போடுவாயா?" பையன் தலையை ஆட்டியிருக்கிறான். அந்த இன்னிங்ஸில் மூன்றாவது பேட்டருக்கு ஒரு பந்தைப் போட்டுவிட்டு, கிளவ்வை அக்குளில் இடுக்கிக்கொண்டு முழங்கையைப் பிடித்தபடி நின்றுவிட்டான். கோச் ஓடிப்போய் அழைத்து வந்தார். அன்றே பெற்றோரிடம் மருத்துவரைப் பார்க்கச் சொன்னதும் அவர்தான்.

திங்கட்கிழமை எலும்பு மருத்துவர் இரண்டு முழங்கைகளையும் எக்ஸ்ரே எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார். வீசும் கையின் உள்பக்க வளர்ச்சித் தட்டு விலகி அகன்றிருந்தது. அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. ஆறு வாரம் எந்தப் பந்தையும் எறியக் கூடாது, அதன் பிறகு பிசியோதெரபி, பிறகு படிப்படியாக எறிதல், அந்த ஆண்டு பிட்சிங் வேண்டாம் என்று சொன்னார்.

வலி ஞாயிற்றுக்கிழமை தொடங்கியதல்ல. வியாழன் இரவே முழங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தான் என்று அம்மா சொன்னார். ஐஸ் வைத்திருக்கிறார். வெள்ளி இரவும் ஞாயிறு காலையும் வலி மாத்திரை கொடுத்திருக்கிறார். ஏன் கோச்சிடம் சொல்லவில்லை என்று பையனிடம் அம்மாவே எங்கள் முன்னால் கேட்டார். "சொன்னால் உட்கார வைத்துவிடுவார்கள், அப்புறம் என் இடம் வேறு ஒருவனுக்குப் போய்விடும்" என்றான். 12 வயதில் அவன் போட்ட கணக்கு தப்பில்லை. டிராவல் அணியில் அப்படித்தான் நடக்கும்.

புகாரும் குழுவும்

அப்பா இரண்டு கிளப்புகளுக்கும் எழுதினார். இரண்டு தலைவர்களும் தங்கள் ஸ்கோர் புத்தகத்தின் படத்தை இணைத்து, விதிப்படியே நடந்ததாகப் பதில் போட்டார்கள். இருவரும் சொன்னது உண்மை. ஒருவர்கூட மற்றக் கிளப்பைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. அதன் பிறகே அப்பா சங்கத்துக்கு வந்தார்.

சங்கத்தின் நிர்வாகக் கூட்டத்தில் முதலில் எழுந்த பேச்சு, எந்தக் கோச்சை இடைநீக்கம் செய்வது என்பதுதான். ரெக் கோச் சங்கத்தின் துணைத் தலைவராகவும் இருந்தார். அவர் தானாகவே கூட்டத்திலிருந்து வெளியேறினார். அவர் வெளியேறாமல் இருந்திருந்தால் நாங்கள் எடுத்த எந்த முடிவும் நின்றிருக்காது. பக்கத்து ஊர்க்காரர்கள் அதை ஏற்றிருக்கவே மாட்டார்கள். மற்ற நான்கு கிளப்புகளிலிருந்து மூவரைத் தேர்ந்து குழு அமைத்தார்கள். இரண்டு வாரத்தில் அறிக்கை கேட்டார்கள்.

என்ன கண்டோம்

செவ்வாய் ஆட்டத்துக்கு ரெக் அணியும் அதன் எதிரணியும் தனித்தனியாகக் கணக்கு எழுதியிருந்தன. ஒன்றில் 58, மற்றதில் 61. பேட்டர் பேட்டராக இரண்டு புத்தகங்களையும் வரி வரியாக ஒப்பிட்டோம். இரண்டு ஸ்ட்ரைக் (மூன்று ஆனால் பேட்டர் அவுட்) ஆன பிறகு அடித்த ஃபவுல் பந்துகளை, அதாவது கோட்டுக்கு வெளியே போனவற்றை, ஒருவர் விட்டிருக்கிறாரா, மற்றவர் கூடுதலாக எழுதினாரா என்று கடைசிவரை தெரியவில்லை. 51 முதல் 65 வரை ஒரே ஓய்வுதான் என்பதால் இந்த முறை வித்தியாசம் ஒன்றும் இல்லை. ஒன்றில் 64, மற்றதில் 67 என்று இருந்திருந்தால் ஒரு நாள் ஓய்வே மாறியிருக்கும்.

சனிக்கிழமையின் 20 பந்தைப் பற்றிக் குழுவுக்குள் நீண்ட விவாதம் நடந்தது. ஒரு உறுப்பினர், மறுநாளும் வீச வைக்க வேண்டும் என்றே கோச் 20-இல் நிறுத்தினார், இது தந்திரம் என்றார். எனக்கு அது வேறு மாதிரிப் பட்டது. அட்டவணையை மனப்பாடமாக வைத்திருந்த கோச் அவர். காகிதத்தில் இருந்ததை எல்லாம் மதித்தார். காகிதத்தில் இல்லாததை அவர் தேடவில்லை. தேடச் சொல்லி நாங்களும் யாரும் சொல்லவில்லை. எல்லா டிராவல் கோச்சும் 20, 35, 50 என்ற எல்லைகளில்தான் பிட்சரை மாற்றுகிறார்கள். பிள்ளைக்குத் தேவையான ஓய்வைக் காட்டத்தான் அந்த எண்களைப் போட்டார்கள். மறுநாள் ஆட்டத்துக்கு ஆளைச் சேமிக்கும் வழியாக அவை மாறிவிட்டன.

கேட்சர் விஷயத்தில் எங்கள் விதிப்புத்தகமே ஓட்டையாக இருந்தது. ஒரு ஆட்டத்தில் நான்கு இன்னிங்ஸ் அல்லது அதற்கு மேல் கேட்சராக நின்றவன் அன்று பிட்ச் செய்யக் கூடாது என்பது லிட்டில் லீக்கின் விதி. எங்கள் ஆட்கள் அட்டவணையை எடுத்துக்கொண்டபோது இந்த வரியை எடுக்கவில்லை. பழைய நிர்வாகக் குறிப்புகளைத் தேடியும் காரணம் கிடைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை வீசியதை வியாழன் ஆட்டத்துக்கு முன் டிராவல் கோச்சிடம் சொன்னதாக அப்பா உறுதியாகச் சொன்னார். தனக்கு அப்படிக் கேட்டதாக நினைவில்லை என்றார் கோச். வார்ம் அப் நேரத்தில், பதினைந்து பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவில் சொன்ன ஒரு வார்த்தை. யார் சொல்வது சரி என்று முடிவு செய்ய எங்களிடம் எதுவும் இல்லை. ஒரு பிள்ளையின் கை அந்த ஒரு வார்த்தையை நம்பி இருந்தது என்பதை மட்டும் அறிக்கையில் எழுதினோம்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

இரண்டு கோச்சுகளையும் இடைநீக்கம் செய்ய வேண்டாம் என்று பரிந்துரைத்தோம். பையனின் குடும்பத்துக்கு இது பிடிக்கவில்லை. அவர்களுடைய வருத்தம் நியாயமானது. ஆனால் எழுதிய விதியை மீறாதவரைத் தண்டித்தால், மற்ற கோச்சுகள் அதிலிருந்து கற்பது பக்கத்துக் கிளப்பை நம்பாதே என்பதை மட்டும்தான். இடைநீக்கம் செய்தால் விவகாரம் முடிந்தது என்று எல்லோரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்பது என் எண்ணம். ஆறு இன்னிங்ஸ் கேட்சராக நின்றவனை அன்றே மவுண்டில் ஏற்றியது சரியில்லை என்று டிராவல் கோச்சுக்குக் கடிதம் மட்டும் போனது. அவர் அதை மறுக்கவில்லை.

அடுத்தது, சீசன் நடந்துகொண்டிருக்கும்போதே பொதுக் கணக்கு. ஆறு கிளப்புகளுக்கும் ஒரே ஷீட். அதில் அணி வரிசை கிடையாது, பிள்ளையின் பெயர் வரிசை மட்டும். ஆட்டம் முடிந்த அன்று இரவு 9 மணிக்குள் எண் ஏற வேண்டும். ஒவ்வொரு இன்னிங்ஸ் முடிவிலும் இரு அணி ஸ்கோர் எழுதுபவர்களும் பந்துக் கணக்கைச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் பெரிய எண்தான் கணக்கு. இந்தக் கடைசி வரியை எதிர்த்தவர்கள் இருந்தார்கள். தப்பு நடந்தால் அது பிள்ளைக்குக் கூடுதல் ஓய்வு தரும் பக்கமாக நடக்கட்டும் என்பதில் மூவரும் உறுதியாக இருந்தோம்.

ஆட்டத்துக்கு முன் கொடுக்கும் லைன் அப் அட்டையில் (ஆடுபவர்களின் பட்டியல்), இன்று யார் யார் பிட்ச் செய்யக் கூடாது என்ற பட்டியலும் சேர்ந்தது. கேட்சர் விதி அன்றே அமலுக்கு வந்தது. சங்கத்துக்கு வெளியே ஆடும் ஆட்டங்களைப் பெற்றோரே ஷீட்டில் ஏற்ற வேண்டும் என்றோம்.

இதை யார் கண்காணிப்பது என்பதில்தான் மாட்டிக்கொண்டோம். அம்பயர்களிடம் விடலாம் என்றார்கள் சிலர். எங்கள் அம்பயர்களில் பெரும்பாலோர் 14 முதல் 17 வயது மாணவர்கள். ஒரு ஸ்ட்ரைக்கைத் தவறாகச் சொன்னாலே வேலிக்குப் பின்னாலிருந்து கத்தும் பெரியவர்களை அவர்கள் ஏற்கனவே சமாளிக்கிறார்கள். பிட்சரை இறக்கு என்று 45 வயதுக் கோச்சிடம் 15 வயதுப் பெண் சொல்ல வேண்டும் என்று நாங்கள் எதிர்பார்க்கக் கூடாது. அதனால் பந்துக் கணக்கு ஒருங்கிணைப்பாளர் என்று ஒரு பொறுப்பை உருவாக்கினோம். திங்கள், வியாழன் காலைகளில் ஷீட்டைப் பார்த்துச் சம்பந்தப்பட்ட கோச்சுகளுக்குச் செய்தி அனுப்புவது மட்டுமே அவர் வேலை.

மீறினால் கோச் அடுத்த ஒரு ஆட்டத்துக்கு மைதானத்துக்கு வரக் கூடாது. ஆட்டத்தைத் தோற்றதாக அறிவிக்கலாம் என்ற யோசனையை விட்டுவிட்டோம். அது பன்னிரண்டு பிள்ளைகளுக்குத் தண்டனை.

அப்புறம் நடந்தது

முதல் மூன்று வாரம் ஷீட் பாதி காலியாகத்தான் இருந்தது. இரவு 9 மணி என்பது மைதானத்தைப் பூட்டி, மூட்டை கட்டி, பிள்ளைகளைச் சாப்பிட வைக்கும் நேரம். ஒருங்கிணைப்பாளர் ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு எண்ணைக் கேட்டு அவரே ஏற்றினார். சில கோச்சுகள் இதை வேவு பார்க்கும் வேலை என்றார்கள். ஜூன் மாத நடுவில் நிலைமை மாறியது. காரணம் எங்கள் அறிவுரை அல்ல. லைன் அப் அட்டையைப் பார்த்த எதிரணிக் கோச்சுகள் "உங்கள் ஏழாம் நம்பர் செவ்வாய்க்கிழமை 44 போட்டான், பட்டியலில் இல்லையே" என்று கேட்கத் தொடங்கினார்கள். போட்டி மனப்பான்மை இந்த ஒரு விஷயத்தில் பிள்ளைகளுக்கு உதவியது.

டிராவல் அணிகளிலிருந்து இரண்டு குடும்பங்கள் விலகித் தனியார் அணிகளுக்குப் போய்விட்டன. இந்தக் கட்டுப்பாடு பிள்ளையின் வளர்ச்சியைத் தடுக்கிறது என்று எழுதிவிட்டே போனார்கள். வெளி ஆட்டங்களை ஏற்றாத பெற்றோரும் இருந்தார்கள். அதில் ஒன்று, ஞாயிறு ஆட்டத்தில் வென்றதைப் பையனே தோழர்களிடம் பெருமையாகச் சொன்னபோதுதான் வெளியே வந்தது. அந்தப் பையனை அன்று முதல் பேஸில் நிற்க வைத்தார்கள். கோச்சுக்குத் தண்டனை தரவில்லை. அவருக்குத் தெரிய வழியில்லை.

நாங்கள் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. ரெக் அணிகளில் பிட்சர் பஞ்சம் வந்தது. அதுவரை ஒரு அணியில் மூன்று பேர் மட்டுமே மவுண்டில் ஏறுவார்கள். இப்போது ஆறேழு பேரைத் தயார் செய்ய வேண்டியதாயிற்று. ஆட்டங்கள் நீண்டன. வரிசையாக நான்கு பந்தும் வெளியே போய் பேட்டர்கள் நடந்தே முதல் பேஸுக்குப் போனார்கள். பெற்றோர் முணுமுணுத்தார்கள். அப்படி ஒரு மாலையில் எங்கள் அணியிலேயே அதுவரை வலது ஃபீல்டில் நின்று புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணை கோச் மவுண்டுக்கு அனுப்பினார். முதல் மூன்று பேரையும் நடக்க விட்டாள். பேஸ் மூன்றும் நிரம்பி நிற்க, நான்காவது ஆளை ஸ்ட்ரைக் அவுட் செய்தாள். சீசன் முடியும்போது அந்த அணியில் வாரம் ஒரு இன்னிங்ஸாவது நம்பிக் கொடுக்கக்கூடிய பிட்சராக இருந்தாள். இந்தக் கட்டுப்பாடு இல்லாமல் அவளுக்கு அந்த இடம் கிடைத்திருக்காது.

பையனின் நிலை

ஆறு வாரம் முடிந்து பிசியோதெரபி தொடங்கினான். பேட்டிங்குக்கு முதலில் அனுமதி கிடைத்தது. எறிதலைக் குறைந்த தூரத்தில், நாள் விட்டு நாள், வலி வந்தால் உடனே நிறுத்துவது என்ற முறையில் ஆரம்பித்தார்கள். இலையுதிர்காலச் சீசனில் முதல் பேஸுக்கு மிக அருகில் இருக்கும் இரண்டாம் பேஸில் ஆடினான். அங்கிருந்து எறிய வேண்டிய தூரம் குறைவு. அடுத்த வசந்தத்தில் மருத்துவர் சம்மதித்த பிறகு பிட்ச் செய்தான், ரெக் அணிக்கு மட்டும். டிராவல் அணிக்கு அவன் திரும்பவில்லை. கேட்சராக நிற்க மாட்டேன் என்று அவனே சொல்லிவிட்டானாம். வேகம் முன்போல வந்துவிட்டது என்று கோச் சொல்கிறார். அவன் அம்மா இன்னும் ஒவ்வொரு ஆட்டத்திலும் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றுதான் பார்க்கிறார்.

மாற்றியவையும் மாறாதவையும்

அடுத்த சீசனுக்கு முன் இரண்டு விஷயங்களைச் சேர்த்தோம். பதிவுப் படிவத்தில் பிள்ளை ஆடும் எல்லா அணிகளையும், தனிப் பயிற்சியாளர் இருந்தால் அவரையும் எழுத வேண்டும். ஒரே பிள்ளை இரண்டு அணிகளில் இருந்தால், முதல் ஆட்டத்துக்கு முன் இரண்டு கோச்சுகளும் பேசி, எந்த நாளில் யாருக்குப் பிட்ச் செய்வான் என்று எழுத்தில் முடிவு செய்ய வேண்டும்.

வலியை எப்படிக் கேட்பது என்பதற்கும் கோச்சுகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். எல்லோர் முன்னாலும் "நன்றாக இருக்கிறாயா" என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் இல்லை என்று சொல்லாது. தனியாகக் கூப்பிட்டு, எங்கே வலிக்கிறது என்று கேட்க வேண்டும். இரண்டு கைகளையும் உள்ளங்கை மேலே இருக்கும்படி முன்னால் நீட்டச் சொல்ல வேண்டும். வீசும் கை மற்றதைப்போல முழுக்க நிமிராவிட்டால் அன்று பந்து கிடையாது. அரை நிமிட வேலை. மூன்று பிள்ளைகளை இந்தச் சோதனையால் அந்தந்த நாளில் உட்கார வைத்தோம். ஒருவன் மருத்துவரிடமும் போனான்.

ஆண்டுக் கணக்கில்தான் இன்னும் முட்டிக்கொண்டிருக்கிறோம். அலபாமாவின் பர்மிங்ஹாமில் உள்ள அமெரிக்க விளையாட்டு மருத்துவ நிறுவனம், 9 முதல் 14 வயது வரையிலான 481 பிட்சர்களைப் பத்து ஆண்டு தொடர்ந்து கவனித்து 2011-இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டில் 100 இன்னிங்ஸுக்கு மேல் வீசியவர்களுக்குக் கடுமையான காயம் வரும் வாய்ப்பு மூன்றரை மடங்கு என்று கண்டது. 9 முதல் 12 வயதுக்கு ஆண்டுக்கு 80 இன்னிங்ஸுக்கு மேல் வேண்டாம், குறைந்தது நான்கு மாதம் எறியாமல் இருக்க வேண்டும், அதில் இரண்டு மூன்று மாதமாவது தொடர்ச்சியாக என்கிறது பிட்ச் ஸ்மார்ட். எங்கள் ஷீட் வசந்தச் சீசனோடு நின்றுவிடுகிறது. கோடை டோர்னமென்ட், இலையுதிர்காலச் சீசன், குளிர்கால உள்ளரங்கப் பயிற்சி எதுவும் அதில் இல்லை. ஷீட்டை ஆண்டு முழுக்க நீட்டவும், நவம்பர் முதல் ஜனவரி வரை கிளப்புகள் பிட்சிங் வகுப்பு நடத்தாமல் இருக்கவும் நான் ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன். குளிர்கால வகுப்புக் கட்டணத்தை நம்பி மைதான வாடகை கட்டும் இரண்டு கிளப்புகள் எதிர்த்தன. ஷீட்டை நீட்டுவது நிறைவேறியது. வகுப்பு நிறுத்தம் ஒரு வாக்கில் தோற்றது. அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் அதை மறுபடியும் வைக்கிறேன். இந்த முறை மைதான வாடகைக்குச் சங்கத்தின் பொது நிதியிலிருந்து பணம் ஒதுக்கும் யோசனையும் அதோடு வருகிறது.